ஓட்டுநர் ஓய்வில் இருக்கிறார்

வலது கால் ஷூ கழல மாட்டேன் என்றது. இடது கால் ஷூ இழுத்ததும் வந்துவிட்டது. வலது பாதம் மட்டும் எதையோ மிதித்துக்கொண்டிருப்பதுபோல் கீழ்நோக்கி நீண்டு விறைத்திருந்தது. அவள் ஷூக் கயிற்றை முழுவதும் உருவினாள். குதிகாலைப் பிடித்து அசைத்தாள். ஷூவோடு சேர்ந்து அப்பாவின் கால் முழுவதும் அசைந்தது.

“கத்தரிக்கோல் எடு. வெட்டிரலாம்,” என்றாள் அம்மா.

“புது ஷூம்மா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கத்தரிக்கோலைத் தேடி அவள் எழுந்தபோது அப்பாவின் பேன்ட் பையில் லாரி ஹாரன் அடித்தது.

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்கள் பதறிப் பின்வாங்கினார்கள். போன்தான். ரோட்டில் ஹாரனைத் தொடாத மனிதர் அப்பா. “முன்னாடி நிக்கிறவனுக்கும் அவசரம் இருக்கும்ல” என்பார். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஊமை. ஒரு நாள் போனில் ஏர் ஹாரன் சத்தத்தை ஏற்றிக்கொண்டு வந்து, “வண்டியில அடிக்காததை எல்லாம் பாக்கெட்டுல சேத்து வெச்சிருக்கேன்” என்று சிரித்தார். அந்தச் சத்தம்தான் இப்போது அவர் தொடையருகே அதிர்ந்துகொண்டிருந்தது.

அவள் கையை விட்டு எடுத்தாள். திரையில் எழுதியிருந்தது: ‘நீங்கள் தொடர்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். விரைவில் நிறுத்தி ஓய்வெடுக்கவும்.’

அப்பாவைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“யாரு?” என்றாள் அம்மா.

“யாருமில்ல.”

போனைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.  

அப்பாவைக் காலையில் கம்பெனியின் பிக்கப் வண்டியில் கொண்டுவந்தார்கள். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. உள்ளே தூக்கிவந்து கிடத்தியதும் மேனேஜர் முதலில் செய்த காரியம், அந்தத் தார்ப்பாயை மடித்துத் திரும்ப வண்டியில் வைக்கச் சொன்னது. பிறகுதான் அம்மாவிடம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கூட வந்திருந்த டிரைவரை எல்லோரும் மொட்டை என்பார்கள். துறைமுக வாசல் வரிசையில் அப்பாவின் லாரிக்குப் பின்னால் நின்றவர் அவர். படியில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே அவளிடம் சொன்னார்.

“விடியிற நேரம் பாப்பா. வரிசை நகந்துச்சு, ஊமை வண்டி நகரல. அசந்துட்டார்னு நெனச்சேன். ரெண்டு நிமிஷம் தூங்கட்டுமேன்னு விட்டுட்டேன். எனக்குப் பின்னாடி நின்னவன்தான் ஹாரன அமுக்கு அமுக்குனு அமுக்கினான். போய்ப் பாத்தா... கால் பிரேக்குல அப்படியே இருந்துச்சு. இஞ்சின் ஓடிட்டிருந்துச்சு. கால் மட்டும் நழுவியிருந்தா முன்னாடி வண்டிக்குள்ள போயிருக்கும். அதுலயும் ஒருத்தன் தூங்கிட்டுத்தான் இருந்தான்.”

மேனேஜர் அவரைப் பார்த்தார். மொட்டை எழுந்து போய்ப் பிக்கப்பில் ஏறிக்கொண்டார். 

இப்போது அவளுக்குக் கணக்கு புரிந்தது. அப்பாவின் டிரைவர் அட்டை எங்கோ ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. யார் கையில் என்பதும் தெரியும். மாமா கையில். அம்மாவின் தம்பி.

அரசாங்கம் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது நல்ல சட்டம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தூங்கிப்போன ஒரு லாரி டிரைவர் பள்ளிக்கூட பஸ்ஸில் மோதிய பிறகு வந்த சட்டம். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு இயந்திரம். ஒவ்வொரு டிரைவருக்கும் போட்டோ போட்ட ஒரு அட்டை. செருகினால்தான் வண்டி கிளம்பும்; எச்சரிக்கை அட்டைக்காரரின் போனுக்கு வரும். இத்தனை நேரம் ஓட்டினால் இத்தனை நேரம் அட்டைக்கு ஓய்வு. மீறினால் அபராதம், அதற்கும் மேலே போனால் லைசென்ஸ் காலி.

ஆனால் கிடங்குக்காரன், சரக்கு வந்து சேர வேண்டிய நேரத்தை ஒரு நிமிடம்கூடத் தள்ளிவைக்கவில்லை. துறைமுக வாசலில் பாதி நாள் காத்துக் கிடப்பதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. அந்த வரிசையில் சக்கரம் நிற்கும்போதெல்லாம் இயந்திரத்தில் பச்சை எழுத்தில் ஒரு வரி எரியும்: ‘ஓட்டுநர் ஓய்வில் இருக்கிறார்.’ முன்னால் நிற்கும் வண்டியின் பின்விளக்குச் சிவப்பையே வெறித்தபடி, அடிக்கடி பிரேக்கை விட்டு ஊர்வதற்குப் பெயர் ஓய்வு. தாமதத்துக்கான அபராதம் கம்பெனிக்கு வரும், கம்பெனி அதை டிரைவர் தலையில் கட்டும். மொத்தச் சட்டமும் கடைசியில் ஒரே ஒருவரைத்தான் பிடித்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவரை.

அதனால் டிரைவர்கள் அட்டையை மாற்றிக்கொண்டார்கள். அப்பா ஒரு சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புவார். அவருடைய அட்டையில் நேரம் தீர்ந்திருக்கும். உடனே அடுத்த சரக்கு காத்திருக்கும். வீட்டில் தூங்கி எழுந்த மாமா தன் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அப்பாவின் அட்டையை வாங்கிக்கொள்வார். அப்பா மாமாவாகி மறுபடி கிளம்புவார். மறுநாள் அப்பாவின் அட்டை நன்றாக ஓய்வெடுத்து எழுந்திருக்கும், மாமா அதைப் போட்டுக்கொண்டு அப்பாவாகி ஓட்டுவார். அட்டைகள் முறை வைத்துத் தூங்கின. மேனேஜருக்குத் தெரியும். அவர்தான் யார் யாரோடு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஜோடி சேர்த்து விட்டவர்.

அவள் பொருளாதாரம் படித்தவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ‘சாலைவழிச் சரக்குப் போக்குவரத்து நாட்டின் முதுகெலும்பு’ என்று பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அப்பா தினமும் வண்டி ஏறுமுன் முதுகுவலிக்காக இடுப்பில் இறுக்கிக் கட்டும் தோல் பட்டையின் கொக்கியை அவள்தான் மாட்டிவிடுவாள். அந்தப் பாடப்புத்தகத்தை எழுதியவனுக்கு அந்தக் கொக்கி எந்தத் துளையில் விழும் என்று தெரியுமா?

மாமாவுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. காலையிலிருந்தே அப்படித்தான்.

மதியத்துக்கு மேல் மேனேஜர் உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. கையில் இரண்டு போன்.

“அக்கா, டாக்டர் ஒருத்தர வரச் சொல்லியிருக்கேன். நம்ம கம்பெனிக்கு வழக்கமா பாக்கறவர். எப்ப உயிர் போச்சுன்னு வீட்டாளுங்க சொல்லணும், அவர் எழுதிக் குடுத்துருவார். அதோட முடிஞ்சுது. ராத்திரிக்குள்ள நல்லபடியா அனுப்பி வெச்சுரலாம்.”

“சொல்றோம் சார்,” என்றாள் அம்மா. எதற்கும் சரி சொல்லும் குரல். காலையிலிருந்து அந்தக் குரல்தான்.

“மதியம்னு சொல்லிருங்க. சாப்பிட்டுட்டுப் படுத்தார், நெஞ்ச அடைச்சுதுன்னு.”

அவள் அப்பாவின் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்தாள். “எந்த மதியம்?”

“இன்னிக்குத்தாம்மா.”

“விடியக்காலைல செத்தவர் மதியம் எப்படி சார் சாப்பிட்டார்?”

“பாப்பா, நீ படிச்ச பொண்ணு. நிதானமா கேளு.” மேனேஜர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். “அவர் அட்டை காலைலேர்ந்து ஓடிட்டிருக்கு. உங்க மாமன் வண்டியில. இப்பதான் நின்னுது. அது அரசாங்கத்து சர்வருக்குப் போயாச்சு. அதை நீயும் மாத்த முடியாது, நானும் மாத்த முடியாது, மந்திரியே வந்தாலும் மாத்த முடியாது. மாத்தக் கூடியது இது ஒண்ணுதான்.”

இது ஒண்ணு என்று சொன்னபோது அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. கையால் மட்டும் காட்டினார்.

“அதுக்காக அவர அரை நாள் கூடுதலா உயிரோட வெச்சுக்கறீங்க.”

“உன் மாமனுக்காகச் சொல்றேன். செத்தவர் அட்டையில வண்டி ஓட்டியிருக்கான்னு வந்தா லைசென்ஸ் ஆயுசுக்கும் போச்சு. உள்ளயும் வைப்பாங்க. ரெண்டு சின்னப் பசங்க இருக்குல்ல அவனுக்கு?”

“பிக்கப்புல தூக்கிட்டு வந்தத தெருவே பாத்துச்சு.”

“வேடிக்கை பாத்தாங்க. மணியா பாத்தாங்க?” அவர் குரலைத் தாழ்த்தினார். “நிஜத்தச் சொன்னா போலீஸ் வரும். ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போய் அறுப்பாங்க. எப்பத் தருவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. உங்கப்பாவுக்கு அது வேணுமா, சொல்லு.”

அறுப்பாங்க என்ற வார்த்தையில் அம்மாவின் கை அப்பாவின் வயிற்றின் மேல் போய் விழுந்தது. அங்கேயே இருந்தது.

மேனேஜர் போன் பேச வெளியே போனதும் அம்மா அவளை அடுக்களைக்குள் இழுத்தாள்.

“வாய மூடிட்டு இரு.”

“அம்மா, அவர் வேலையில செத்தார். ஸ்டீயரிங்கப் பிடிச்சுக்கிட்டுச் செத்தார். வீட்ல சாப்பிட்டுப் படுத்துச் சாகல. இன்னிக்கு இவங்க சொல்ற மணிய நாம சொல்லிட்டா, அப்படி ஒருத்தர் அந்த வாசல்ல சாகவே இல்ல. நாளைக்கு அதே எடத்துல மொட்டையோட வண்டி நிக்கும்.”

“அதெல்லாம் எனக்குப் புரியும்டி. நான் என்ன கல்லா? உன் மாமன நான்தான் தூக்கி வளத்தேன். அவன் ஜெயிலுக்குப் போனா அந்த ரெண்டு பிள்ளைங்க வாயில யாரு சோறு வைப்பா? நீ வைப்பியா? உன் டிகிரி வைக்குமா?”

 டிகிரி இதுவரை அவளுக்கே சோறு வைக்கவில்லை.

“உங்கப்பா ஹாரன்கூட அடிக்காத மனுஷன்,” என்றாள் அம்மா. “இதுக்கெல்லாம் சண்டைக்கு நிக்க மாட்டார்.”

“அதனாலதாம்மா இப்படிக் கெடக்கறார்.”

அம்மா கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. அடுப்பு மேடையில் காலையில் அப்பாவுக்காக எடுத்துவைத்திருந்த டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்திவைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

டாக்டர் வந்த சற்று நேரத்தில் மாமாவும் வந்தார். சரக்கை இறக்கிவிட்டு நேரே வருகிறார் என்பது அவர் தலைமுடியில் இருந்த சிமென்ட் தூசியில் தெரிந்தது. வாசலில் ஒரு கணம் நின்றார். “மச்சான்,” என்று கூப்பிட்டார், தூங்குகிறவரை எழுப்புவதுபோல. பிறகு அப்பாவின் கால்மாட்டில் சரிந்து உட்கார்ந்து, கழலாத அந்த ஷூவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மேனேஜர் குனிந்து அவர் காதில் எதையோ சொன்னார். மாமா தலையாட்டினார். கேட்டுத்தான் ஆட்டினாரா என்று தெரியவில்லை.

டாக்டருக்கு நாற்காலி கொடுத்தார்கள். பையைத் திறந்து பேனாவை எடுத்தார். அப்பாவைத் தூரத்திலிருந்தே ஒருமுறை பார்த்தார்.

“எத்தனை மணிக்கு?”

 பக்கத்து வீட்டுப் பெண்ணின் குழந்தை இருமியது. மேனேஜர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தம்பியைப் பார்த்தாள். மகள் வாயைத் திறந்தாள், அம்மாவின் கண் அவளை அடக்கியது.

“டாக்டர், தொட்டுப் பாக்க மாட்டீங்களா?” என்றாள் அம்மா.

அது சாதாரணமாகக் கேட்டதுபோலத்தான் இருந்தது. டாக்டர் சங்கடத்துடன் எழுந்து வந்து அப்பாவின் கையைத் தூக்கினார். முழங்கை மடங்கவில்லை. கை ஒரு கட்டைபோல் தோளோடு சேர்ந்து எழும்பியது. டாக்டர் அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

“வீட்ல சொல்றதத்தான் நான் எழுத முடியும்,” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவள் மாமாவின் அருகே மண்டியிட்டாள். கோபமாகத்தான் கேட்டாள். அந்த வீட்டில் யாரிடமாவது கோபப்பட்டே தீர வேண்டியிருந்தது.

“ஏன் மாமா போன எடுக்கல? எத்தனை தடவ கூப்பிட்டேன்.”

“ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன் பாப்பா.” மாமா ஷூவிடம் பேசுவதுபோலப் பேசினார். “ரோட்ல பெரிய செக்கிங்காம். போன் பேசினா பிடிக்கறாங்கன்னு மேனேஜர்தான் கூப்பிட்டுச் சொன்னார். இறக்கிட்டு அப்புறம் போடுன்னார்.”

“எப்பச் சொன்னார்?”

“காலைலதான். வெயில் வரதுக்கு முன்னாடி. நான் அப்பதான் யார்டுலேர்ந்து வெளிய வந்தேன். சுங்கச்சாவடிகூடத் தாண்டல.”

சொல்லிவிட்டு மாமா நிறுத்தினார். ஷூவைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அவர் முகம் மெல்ல மேனேஜரின் பக்கம் திரும்பியது.

“சார். செக்கிங் ஒண்ணுமே இல்லியே சார், வழியில.”

“அது... வேற ரூட்ல இருந்திருக்கும்.”

“அப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

மேனேஜரின் ஒரு போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை.

“அந்த சரக்குக்கு நேரம் கட்டி வெச்சிருந்தாங்கப்பா. பாதி வழியில நிறுத்தினா யாரு பதில் சொல்றது? நீ திரும்பி வந்தா மட்டும் அவர் எந்திரிச்சு...” அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

“நான் வழியெல்லாம் பாட்டுக் கேட்டுக்கிட்டுப் போனேன் சார்,” என்றார் மாமா.

 தலைமுடியிலிருந்து சிமென்ட் தூசி அவர் நெற்றிக்கு இறங்கி வியர்வையில் கோடாக வழிந்தது. அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து யாரைப் பார்த்தாலும் இருந்த அந்த மரத்த பார்வை இப்போது இல்லை.

“தம்பி,” என்றாள்.

“அக்கா.”

“பசங்க ரெண்டும் இங்க வந்து இருக்கட்டும். உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வந்து விடு.”

அவ்வளவுதான். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன முடிவானது என்று அவளுக்குப் புரிவதற்குள் மாமா எழுந்து நின்றுவிட்டார். சட்டைப் பையில் கைவிட்டு அட்டையை எடுத்தார். மேனேஜர் எட்டி அதைப் பிடிக்கப் பார்த்தார். அவள் குறுக்கே போய் நின்றாள். அவரது இஸ்திரிச் சட்டையின் பொத்தான் அவள் முகத்துக்கு நேரே இருந்தது.

“தொடாதீங்க,” என்றாள்.

“பாப்பா, உங்க குடும்பத்துக்குத்தான்...”

“எங்க குடும்பம் பேசிட்டிருக்கு. நீங்க வெளிய நில்லுங்க.”

மாமா டாக்டரிடம் சொன்னார்: “விடியக்காலைல போயிருக்கு டாக்டர். துறைமுகத்து வாசல்ல, வண்டியில. என் அட்டையப் போட்டு ஓட்டினார். அவர் அட்டையப் போட்டு நான் ஓட்டினேன். இதான் அது.”

டாக்டர் பேனாவை மூடினார். “அப்படின்னா நான் எழுத முடியாது. ஸ்டேஷனுக்குத்தான் சொல்லணும்.”

“சொல்லுங்க,” என்றாள் அம்மா. “நாங்க எங்கயும் போகல.”

டாக்டர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மேனேஜர் பின்னாலேயே ஓடினார். தெருவில் இரண்டு பேரும் உரக்கப் பேசுவது கொஞ்ச நேரம் கேட்டது. பிக்கப்பின் கதவு அறைந்து சாத்தப்பட்டது. வண்டி கிளம்பியபோது மொட்டை அதில் இல்லை. அவர் இறங்கிப் படியில் உட்கார்ந்திருந்தார். “பிரேக்குல கால் இருந்தத நானும் சொல்லணும்ல,” என்றார், அவள் கேட்காமலே.

அம்மா தம்பியின் கையிலிருந்து அட்டையை வாங்கினாள். சட்டம் வந்த வருடம் எடுத்த போட்டோ. அப்பா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தியிருந்தார். அம்மா அதைப் பார்க்கவில்லை. அதன் மேலிருந்த சிமென்ட் தூசியைக் கட்டைவிரலால் துடைத்து, அப்பாவின் சட்டைப் பையில் செருகிவைத்தாள்.

பிறகு காத்திருந்தார்கள். மாமி பிள்ளைகளோடு வந்து சேர்ந்தாள். விஷயம் கேட்டு மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னவன் அப்பாவின் ஒற்றை ஷூவைக் காட்டி, “பெரியப்பா ஏன் இன்னொன்னக் கழட்டல?” என்று கேட்டான். மாமி அவன் வாயைப் பொத்தினாள். அத்தையின் கணவர் என்பதால் முறைப்படி அவர் சின்னவனுக்கு மாமாதான். ஆனால் எல்லோரையும்விடப் பெரியவர் என்பதால் பெரியப்பா என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தான். யாரும் திருத்தியதில்லை.

அவள் கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். ஆனால் ஸ்டேஷனிலிருந்து வருகிறவர்கள் அந்தக் காலை அப்படியே பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தெரு விளக்குகள் எரிந்தபோது ஜீப் சத்தம் இன்னும் வரவில்லை. அறையில் யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை. ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் மாமாவின் தோள் இறுகித் தளர்ந்தது.

அப்போது அவள் பையில் ஹாரன் அடித்தது.

இம்முறை யாரும் பதறவில்லை. அவள் போனை எடுத்தாள். திரை வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும் இருட்டில் தெரிந்தது.

‘உங்கள் ஓய்வு நேரம் முடிந்தது. நீங்கள் இப்போது வண்டி ஓட்டலாம்.’

“என்னவாம்?” என்றாள் அம்மா.

அவள் அதை வாய்விட்டு வாசித்தாள். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மாமாவின் கை, அவர் அறியாமலே, அட்டை வைத்திருந்த தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது.